கூடையில் போட்டுவிட்டுப் போனவர்கள்

மச்சான் சவுதியிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து சில மாதங்கள் கழித்து, கருவாடு விற்பதற்காக இணையத்தில் ஒரு கடை தொடங்கினோம். மச்சான் என்றால் என் கணவர். மாமா மகன் என்பதால் சின்ன வயதிலிருந்தே அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். நிக்காஹ் ஆன பிறகும் வேறு எந்தச் சொல்லும் வாயில் வரவில்லை. ரியாத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் சரக்கறையில் பல வருடம் வேலை பார்த்தவர். கடை கைமாறியது. புது முதலாளி பாதிப் பேரை அனுப்பிவிட்டார். அந்தப் பாதியில் இவரும் இருந்தார்.

அவருடைய அம்மா, என் மாமி, இதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. தொண்டியில் எங்கள் தெருவில் யார் கேட்டாலும், "லீவுல வந்திருக்கான். அடுத்த மாசம் போயிருவான்" என்பார். அடுத்த மாசம் வரும், போகும். மாமி அதையே சொல்வார். பக்கத்து அறையில் கருவாட்டு மூட்டை வந்து இறங்கியபோதுகூட, "சும்மா இருக்க முடியாம ஏதோ செய்யுறான்" என்றுதான் விளக்கினார்.

கருவாடு என் யோசனை. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் திரும்பிப் போகும்போது பையில் கருவாடு இல்லாமல் போவதில்லை. அப்படியானால் ஊருக்கு வர முடியாதவர்கள் எங்கேயாவது உட்கார்ந்து தேடிக்கொண்டுதானே இருப்பார்கள் என்று நினைத்தேன். நான் ராமநாதபுரத்தில் பி.காம். படித்தவள். இணைய விளம்பரம் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. துணி மடித்துக்கொண்டே வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். மதுரையில் ஒருவர் எங்கள் பக்கத்தை வடிவமைத்துக் கொடுத்தார். திறந்ததும் தொண்டிக் கடல், விடியற்காலை வெளிச்சம், வரிசையாக வள்ளங்கள் என்று பெரிய பெரிய படங்கள். முதல்முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைப் பெயரிலும் தொண்டியைச் சேர்த்திருந்தோம்.

விளம்பரம் எப்படி வேலை செய்யும் என்று மச்சானுக்கு ஒரு நாள் விளக்கினேன்.

"கோயம்புத்தூர்ல ஒருத்தர் நெத்திலிக் கருவாடுன்னு எழுதித் தேடுறாருன்னு வைங்க மச்சான். மேலாக்க நம்ம கடை பேரு வரும். அதைத் தொட்டாருன்னா நம்ம கடைக்குள்ள வந்துருவாரு."

"தொட்டா நமக்குக் காசு வருமா?"

"இல்ல. தொட்டா நம்ம காசு போகும். வாங்குனாத்தான் வரும்."

"அப்ப நம்ம வாசப்படியை மிதிக்கிறவனுக்கெல்லாம் நாமதான் காசு குடுக்கணும், அப்படித்தானே?" என்றார்.

அப்படித்தான். அதை அவர் சொன்ன விதத்தில் கேட்ட பிறகுதான் எனக்கே முதல்முறையாகப் பயம் வந்தது.

விளம்பரம் ஓடத் தொடங்கிய நாளில் நான் அடுப்புக்கும் போனுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு கிளிக்காக ஏறியது. மதியச் சோறு வடிப்பதற்குள் ஒரு சின்னக் கூட்டமே எங்கள் கடைக்குள் வந்துவிட்டுப் போயிருந்தது. "ஆளு வருது மச்சான்!" என்று கத்தினேன். அவரும் ஓடி வந்து பார்த்தார். சாயங்காலம் கூட்டம் இரண்டு மடங்கானது. ஆர்டர் ஒன்றும் இல்லை. முதல் நாள்தானே என்றோம். அடுத்த நாளும் அப்படியே போனது. அந்த வாரமே அப்படிப் போனது.

என் அத்தா, அதாவது அப்பா, தொண்டி பஜாரில் துணிக்கடை வைத்திருந்தவர். வாங்காமல் போகிறவர்களை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். விலையைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். நிறம் பிடிக்கவில்லை என்பார்கள். எதிர்க்கடைக்குள் நுழைவதையாவது கண்ணால் பார்க்கலாம். இங்கே வந்தவர் முகம் தெரியாது, ஏன் போனார் என்பதும் தெரியாது. காசு குறைவது மட்டும் தெரியும். பாத்திரம் துலக்கும்போது யாரோ ஒருவர் வந்து போவார். நான் குளிக்கும்போது இன்னொருவர். தொழுகைக்கு நின்றால் எத்தனை ரக்அத் ஆயிற்று என்பதே மறந்துபோகும். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் கை நேராகப் போனுக்குத்தான் போகும். போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு தலையணைக்கு அடியில் வைத்தேன். அடியில் இருக்கும்போது இன்னும் அடிக்கடி எடுத்துப் பார்த்தேன்.

அப்புறம் ஓர் ஆர்டர் வந்தது. சென்னையிலிருந்து, முன்பின் தெரியாத பெயரில். நெத்திலியும் வாளையும். மச்சான் அட்டைப்பெட்டியை மூன்று தடவை பிரித்துத் திரும்பக் கட்டினார். மாமி வந்து எட்டிப் பார்த்து, "பிஸ்மில்லா சொல்லி அனுப்பு" என்றார். அடுத்தடுத்து இன்னும் இரண்டு ஆர்டர்கள். அவையும் சென்னை. எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நம் ஆட்கள் சென்னையில்தான் இருக்கிறார்கள்! விளம்பரத்துக்கான தினசரிச் செலவைக் கூட்டினேன். சென்னையில் தேடுகிறவர்களுக்கு எங்கள் பெயர் முன்னால் தெரியும்படி மாற்றினேன். மச்சான் அன்று பஜாரிலிருந்து எனக்கு அல்வா வாங்கி வந்தார்.

அவருடைய தங்கை சென்னையில் இருக்கிறாள். என்னை மச்சி என்று கூப்பிடுவாள். அந்த வாரக் கடைசியில் போன் செய்தாள். வழக்கமான பேச்சு முடிந்த பிறகு, "மச்சி, ஒன்னு சொல்லட்டா? கோவிச்சுக்கிறக் கூடாது. நெத்திலி ருசி நல்லாத்தான் இருக்கு. ஆனா கழுவக் கழுவ மணலு வருது. பல்லுல நறநறங்குது" என்றாள்.

"அப்படியா?" என்றேன். ஒரு விநாடி கழித்துத்தான் உறைத்தது. "நீ எப்ப நம்ம கருவாடு வாங்குன?"

அவள் பேச்சை மாற்றப் பார்த்தாள்; மறுபடி கேட்டேன்.

"அண்ணன்ட்ட சொல்லிராதீக மச்சி" என்றாள் பிறகு. "போன்ல பேசுறப்ப அண்ணன் கொரலே சரியில்ல. மனசு கேக்கல. என் பேருல வாங்குனா கண்டுபிடிச்சிருவாகன்னு பக்கத்து வீட்டு ஆளுக பேருல போட்டேன்."

மூன்றும் அவள்தான். கடைப் பெயரை நேராக எழுதி உள்ளே வந்திருக்கிறாள். விளம்பரத்தைத் தொடவே இல்லை. அதைக் கணக்குப் பக்கத்தில் நான் அன்றைக்கே பார்த்திருக்கலாம். ஆர்டர் எந்த வழியாக வந்தது என்று அங்கே எழுதியிருக்கும். மகிழ்ச்சியில் பார்க்கவில்லை. விளம்பரம் வழியாக அதுவரை ஒருவர்கூட எங்களிடம் எதையும் வாங்கியிருக்கவில்லை.

அவளைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. போனை வைத்துவிட்டு, எங்கள் சரக்கறையாகிவிட்ட பக்கத்து அறையில் போய் உட்கார்ந்தேன். மச்சானிடம் மறைக்கவும் முடியவில்லை. மறுநாள் சாப்பிடும்போது சொன்னேன். அவர் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "மணலு இருக்குன்னு சொன்னாளா?" என்று மட்டும் கேட்டார். எழுந்து கை கழுவிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போனவர் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்தார். வந்ததும், "ராமநாதபுரத்து ஏஜெண்ட் போன் பண்ணாரு. சவுதியில தம்மாம்ல ஒரு கம்பெனிக்கு ஆளு எடுக்குறாங்களாம். பாஸ்போர்ட்டைக் கொண்டாந்து குடுக்கச் சொல்றாரு" என்றார்.

நான் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. சொல்லி, அவர் இருந்து, கடையும் ஓடாமல் போனால் அது முழுக்க என் தலையில் விழும் என்ற பயம். போங்கள் என்று சொல்லவும் முடியவில்லை. "எப்ப போகணும்?" என்று மட்டும் கேட்டேன்.

அன்று சாயங்காலம்தான், என்னென்ன எழுதித் தேடியவர்கள் எங்கள் விளம்பரத்தைத் தொட்டார்கள் என்று காட்டும் பக்கத்தை முழுதாகத் திறந்தேன். அதுவரை மேலே இருந்த சில வரிகளைத்தான் பார்த்திருந்தேன். அவற்றில் எல்லாம் ஒழுங்காக 'நெத்திலிக் கருவாடு' என்று இருந்தது. கீழே இறங்க இறங்க வேறு வேறு வரிகள். 'கருவாட்டுக் குழம்பு வைப்பது எப்படி.' 'கர்ப்பிணிகள் கருவாடு சாப்பிடலாமா.' 'கருவாடு கனவில் வந்தால் என்ன பலன்.' அதற்கும் கீழே, 'தொண்டி டு ராமநாதபுரம் பஸ் டைம்.' பஸ் நேரம் தேடிய ஆட்களுக்கு எங்கள் கடையின் பெயரில் தொண்டி இருந்ததால் எங்கள் விளம்பரம் போயிருக்கிறது. அவர்களும் அவசரத்தில் தொட்டிருக்கிறார்கள்.

மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். கனவு வரிக்கு வந்ததும் நிறுத்தினார். "கனவுல கருவாடு கண்டவனுக்கு நாம காசு குடுத்திருக்கோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. அவரும் சிரித்தார். பல நாள் கழித்து அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

எப்படி, கனவு, பலன், கர்ப்பிணி, பஸ், டைம் என்று ஒவ்வொரு சொல்லாகத் தடுத்துவைத்தேன். அந்தச் சொற்களோடு தேடுகிறவர்களுக்கு இனி எங்கள் விளம்பரம் தெரியாது. சென்னைக்கென்று கூட்டியதையும் குறைத்தேன். சரியான வேலைதான். ஆனால் மறுநாளிலிருந்து கடை வெறிச்சோடிவிட்டது. முன்பு வந்தவர்கள் வாங்கவில்லை என்றாலும் வந்தார்கள். இப்போது காலையில் ஒருவர், மதியம் இரண்டு பேர். காசு போகாதது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. கூட்டம் வந்து வாங்காமல் போவதைவிட, யாருமே வராத கடையில் உட்கார்ந்திருப்பது கூடுதல் பயம்.

"ஏ புள்ள, என்னத்தையோ மாத்தி ஆளையே காணாமப் பண்ணிட்டியே" என்றார் மச்சான்.

"வந்தவுக வாங்குற ஆளுக இல்ல மச்சான்."

"இப்ப வாரவுக மட்டும் வாங்குறாகளா?"

மெய்யாகவே கருவாடு வேண்டுமென்று வருகிற அந்த இரண்டு மூன்று பேர்கூட ஏன் வாங்கவில்லை?

பாஸ்போர்ட் கொடுக்க ராமநாதபுரம் போன அன்று நானும் கூடப் போனேன். பஸ் உப்பூரைத் தாண்டியிருந்தது. மச்சான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சும்மா போனைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, "மச்சான், நம்ம கடையில நீங்க ஒரு பாக்கெட் நெத்திலி வாங்குங்களேன்" என்றேன்.

"எதுக்கு? வீடு பூரா நெத்திலியாக் கெடக்கு."

"யாரோ ஒரு ஆளு மாதிரி வாங்குங்க. நான் ஒன்னும் சொல்லித்தர மாட்டேன்."

அதுவரை வீட்டு வைஃபையில், என் போனில்தான் கடையைப் பார்த்திருந்தோம். பஸ்ஸில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. அவர் போனும் பழையது. கடைப் பெயரைத் தட்டினார். வெள்ளைத் திரை. சின்ன வட்டம் சுற்றியது. மேலிருந்து கீழாக ஒரு படம் மெதுவாக இறங்கியது: முதலில் வானம், பிறகு கடல், பிறகு வள்ளத்தின் நுனி. "கடல்தான் தெரியுது" என்றார். "கருவாடு எங்கன?" விரலால் தள்ளினார். இன்னொரு கடல். மறுபடி தள்ளினார். எங்கள் கடையின் கதை என்று நான் எழுதிய நீளமான பத்தி. நெத்திலி அதற்கெல்லாம் கீழே இருந்தது. அதைத் தொட்டு, கூடையில் போட்டு, வாங்கு என்று அழுத்தினார். கணக்கு தொடங்கச் சொல்லிக் கேட்டது. பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல். கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்து வேண்டும், ஓர் எண் வேண்டும். ஓடிபி வரும் என்றது. வரவில்லை. மறுபடி அனுப்பச் சொன்னார். பஸ் தேவிபட்டினத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஓடிபி வந்தபோது நேரம் முடிந்துவிட்டது என்றது திரை.

மச்சான் போனை என்னிடம் கொடுத்தார்.

"எனக்கு வேணாம்" என்றார். "நான் கடைத்தெருவுல வாங்கிக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொந்தக் கடையில் ஒரு பாக்கெட் நெத்திலி வாங்க முடியாமல் தோற்றுப்போன ஒரு மனிதரின் அலுப்பு அது. இத்தனை நாள் நான் கற்பனை செய்து செய்து பயந்த அந்த முகம் தெரியாத ஆள், வந்து பார்த்துவிட்டுச் சொல்லாமல் போகிற ஆள், என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. என்ன தப்பு என்று இப்போது தெரிந்துவிட்டதே.

ஏஜெண்ட் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, மதுரையில் மெடிக்கல் எடுக்க வேண்டியிருக்கும், தேதி பிறகு சொல்கிறேன் என்றார். அங்கிருந்து ஊருக்குத் திரும்பாமல் அக்காள்மடம் போகும் பஸ்ஸில் ஏறினோம். அது மச்சானின் முடிவு. தங்கை சொன்ன மணல் அவரை விடவே இல்லை. நாங்கள் வாங்கிய நெத்திலி கரை மணலில் கொட்டிக் காயவைத்தது. அக்காள்மடத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்து அக்கா, தரைக்கு மேலே வலையைக் கட்டி அதில் காயவைக்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தோம். விலை கொஞ்சம் கூட. மச்சான் ஒரு நெத்திலியை எடுத்துக் கழுவாமலே வாயில் போட்டு மென்றார். எனக்குப் பார்க்கவே பதற்றமாக இருந்தது. "மணலு இல்ல" என்றார். தலை கிள்ளிக் கொடுப்பதற்கும் பேசி முடித்தார். விமானம் ஏறப்போகிற ஆள் ஏன் இவ்வளவு ஆசையாகச் சரக்கு பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தை வடிவமைத்த மதுரைக்காரரைப் போனில் பிடிப்பது பெரும்பாடாகிவிட்டது. பிடித்து, கடல் படங்களையெல்லாம் எடுக்கச் சொன்னேன். "மேடம், அதுதான் பக்கத்துக்கே அழகு" என்று வருத்தப்பட்டார். நெத்திலி தேடி வருகிறவர் நேராக நெத்திலி இருக்கும் பக்கத்தில் வந்து இறங்க வேண்டும், வாளை தேடுகிறவர் வாளையில். கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம்; பெயர், முகவரி, போன் நம்பர் போதும். பார்சல் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கலாம். என்னுடைய கதைப் பத்தியையும் எடுத்துவிட்டேன். அதை எழுத இரண்டு நாள் ஆகியிருந்தது.

இப்போது ஆட்கள் கூடை வரை வந்தார்கள். சிலர் போன் நம்பர் வரை எழுதினார்கள். எழுதிவிட்டுக் கடைசிப் பொத்தானை அழுத்தாமல் போனார்கள். அந்த நம்பர்கள் கணக்குப் பக்கத்தில் எனக்குத் தெரியும். ஒரு காலை முழுக்க அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கூப்பிடலாமா? ஏன் வாங்கவில்லை என்று ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்பது எவ்வளவு கேவலம்! அத்தா கடையில் யாரையாவது தெருவரை துரத்திப் போய் அப்படிக் கேட்டிருப்போமா?

கடைசியில் ஒரு நம்பரை அழுத்தினேன். கோயம்புத்தூர்ப் பெண் ஒருவர் எடுத்தார். கருவாட்டுக் கடையிலிருந்து பேசுகிறேன் என்றதும் அவர் குரல் சட்டென்று தாழ்ந்தது.

"ஒரு நிமிசம் இருங்க" என்றார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "சொல்லுங்க."

"கூடையில போட்டிருந்தீங்க. ஏதும் சந்தேகமா இருந்துச்சான்னு கேக்கலாம்னு..."

"நீங்க நெஜமாவே கடல் பக்கந்தான் இருக்கீங்களா?"

"தொண்டிங்க. கடலு ஒரு தெரு தள்ளி."

அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பிறந்தது தூத்துக்குடிப் பக்கம். காதல் கல்யாணம். கணவர் வீட்டில் சைவம். மாமியாரும் கூடவே இருக்கிறார். மாமியார் மகள் வீட்டுக்குப் போகும் நாட்களில் மட்டும் தனக்கென்று ஒரு சட்டியில் சமைத்துக்கொள்வாராம். "வாங்கணும்னு ஆசைதாங்க. ஆனா பார்சல் வாசல்லயே நாத்தம் அடிச்சுதுன்னா? அவங்கதான் வீட்ல இருப்பாங்க, அவங்கதான் வாங்கி வைப்பாங்க. அதை நெனச்சுத்தான் விட்டுட்டேன். உங்க பக்கத்துல அதைப் பத்தி ஒன்னுமே போடலியே."

ஒன்றுமே போடவில்லைதான். வாசம் என்ற சொல்லே எங்கள் பக்கத்தில் இல்லை. கருவாட்டுக்கு நடுவிலேயே வாழ்கிறவர்களுக்கு அது தோன்றவில்லை. "நாத்தம் வராம அனுப்புறேங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். எப்படி அனுப்புவது?

மச்சானிடம் சொன்னதும் எழுந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த உலகம் அது. ரியாத்துச் சரக்கறையில் காற்றை உறிஞ்சி மூடும் பைகளில்தான் எல்லாம் வரும், எந்தப் பை தாங்கும் எது கசியும் என்று பேச ஆரம்பித்தார். மதுரை போய் அப்படிக் காற்றை உறிஞ்சும் மெஷின் சின்னதாக ஒன்று வாங்கி வந்தார். முதல் பைகளை நெத்திலியின் முள் குத்திக் கிழித்தது. தடித்த பை மாற்றினார். உள்ளே காகிதம் சுற்றினார். அதன் மேல் இன்னொரு பை, அப்புறம் அட்டைப்பெட்டி. எங்களுக்கு மூக்கு பழகிப்போனதால் வாசம் வருகிறதா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. மாமிதான் வழி சொன்னார். "வெளியில வையி. பூனை வருதான்னு பாரு."

பெட்டியை வாசற்படியில் வைத்துவிட்டு மூன்று பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். தெருவில் எப்போதும் திரியும் வெள்ளைப் பூனை வந்தது. பெட்டியின் மூலையை முகர்ந்தது. அதன் மேல் ஏறி உட்கார்ந்தது. அது காலை நக்கியது, சோம்பல் முறித்தது, இறங்கித் தன் வழியே போய்விட்டது. மாமி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வேறு எந்த வியாபாரத்துக்கும் அவர் அதை அவ்வளவு மனதாரச் சொல்லிக் கேட்டதில்லை.

கோயம்புத்தூர்ப் பெண் முன்பே காசு கட்டியிருந்தார், பார்சல் கிளம்பியது. பார்சல் எங்கே இருக்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது மதுரையில் ஒரு நாள் முழுக்கக் கிடந்தது. வெயிலில் கிடக்குமோ, பை வெடிக்குமோ, அந்தப் பெண்ணின் வீட்டில் என்னால் ஒரு சண்டை வருமோ என்றெல்லாம் ஓடியது. சேர்ந்துவிட்டது என்று வந்த பிறகும் அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. கூப்பிட்டால் மாமியார் எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று நானும் கூப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு படம் அனுப்பினார். சட்டியில் கருவாட்டுக் குழம்பு, மேலே மிதக்கும் கத்தரிக்காய். கீழே ஒரே ஒரு வரி: 'அத்தை கையெழுத்துப் போட்டு வாங்கி அலமாரியில வச்சாங்க. புத்தகம்னு நெனச்சிட்டாங்க.'

'வீட்டு வாசலில் வாசம் வராது' என்று நெத்திலிப் பக்கத்தில் முதல் வரியாகப் போட்டேன். விளம்பரத்திலும் அதையே வைத்தேன். மணல் இல்லை, தலை கிள்ளியது என்பவை அடுத்த வரிகள். அதற்குப் பிறகு கூடையில் போட்டவர்களில் சிலர் போகாமல் நின்றார்கள். ஓசூர், திருப்பூர், பெங்களூர் என்று ஒவ்வொன்றாக ஆர்டர் வந்தது. ஒவ்வொரு முறையும் கணக்குப் பக்கத்தைத் திறந்து, விளம்பரம் வழியாக வந்ததா என்று பார்த்த பிறகே மச்சானிடம் சொன்னேன். ஒருமுறை சென்னை ஆர்டர் வந்தபோது அவர் தங்கையைக் கூப்பிட்டு, "ஏத்தா, இதுவும் நீதானா?" என்று கேட்டேவிட்டார். அவள் இல்லை என்று சத்தியம் செய்தாள்.

இதற்கிடையில் மெடிக்கல் முடிந்திருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, விசா வந்துவிட்டது, டிக்கெட் போடட்டுமா என்று ஏஜெண்ட் போன் செய்தார். நாங்கள் சரக்கறையில் இருந்தோம். மச்சான் மெஷினின் மூடியைப் பிடித்தபடி பேசினார். மாமி கதவருகில் வந்து நின்றுகொண்டார். கடையில் வந்தது ரியாத்துச் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

"இல்லண்ணே. நான் வரல" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கத்தியது. "தெரியும்ணே. மன்னிச்சுக்கங்க. வேற ஆளை அனுப்புங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ ஒன்னும் சொல்லவே இல்லையே, புள்ள."

"பயமா இருந்துச்சு மச்சான்."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார்.

மாமி, "தெருவுல கேட்டா என்ன சொல்றது?" என்றார்.

"கடை வச்சிருக்கான்னு சொல்லுங்க."

"கடை எங்கன்னு கேட்டா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் என் போனை மாமியிடம் கொடுத்து, நெத்திலிப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வெகுநேரம் படித்தார். பிறகு, வாளைப் படம் இருட்டாக இருக்கிறது, வெளிச்சத்தில் வைத்து வேறு படம் எடு என்றார்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போதும் காலையில் எழுந்ததும் கை போனைத்தான் தேடுகிறது. இப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. சரக்கு குறைந்துவிட்டதால் போன வாரம் விளம்பரத்தை நானே நிறுத்தினேன். ஆனாலும் முன்பு வாங்கியவர்கள் நேராக வந்து கேட்கிறார்கள். நேற்று ஓசூரிலிருந்து ஒருவர் போன் செய்து சென்னாக்குன்னி இருக்கிறதா என்றார். சின்னக் கூனி இறால், அதுவரை நாங்கள் விற்றதே இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மச்சான் காலைப் பலகாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு அக்காள்மடம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.